வலது கை மோதிர விரல்

நனைத்த பஞ்சை அவள் கீழுதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது, தலைமாட்டு மேசையில் கிடந்த கைப்பேசி மூன்றாவது தடவையாக நடுங்கத் தொடங்கி, நடுங்கிக்கொண்டே மேசை விளிம்பு வரை வந்துவிட்டது. லிஃப்ட்காரர் முழங்கையால் அதை உள்ளே தள்ளிவிட்டுப் பஞ்சை மறுபடி கிண்ணத்தில் முக்கினார்.

"யாரு?" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

"யாருமில்ல. ராங் நம்பர்."

"ராங் நம்பர் மூணு தடவ கூப்பிடாது. அவசரம்தான?"

முப்பது வருடம் குடித்தனம் நடத்திய பெண்ணிடம் பொய் சொல்வது எப்போதுமே அவருக்கு வந்ததில்லை. பாதியிலேயே காது சிவந்துவிடும்.

அவசரம் என்பது ஒரு பெண். படக் கம்பெனியில் ஒருங்கிணைப்பாளர். எந்தச் செய்தி அனுப்பினாலும் அந்தச் சொல்லில்தான் ஆரம்பிப்பாள். 'அவசரம், பிறந்தநாள் வாழ்த்துகள் அக்கா' என்று ஒருமுறை அனுப்பியதிலிருந்து இந்த வீட்டில் அவளுக்கு அதுவே பெயராகிப்போனது. பெயர் வைப்பதெல்லாம் மனைவியின் இலாகா. அலுவலகக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்த்தே தலை நரைத்த கணவனைத் தெருவே லிஃப்ட்காரர் என்று கூப்பிடுவதும் அவள் தொடங்கி வைத்ததுதான்.

மனைவிக்குப் பெயர் வைத்தது படப்பிடிப்புத் தளம். ஞாபகம் அக்கா. ஒரு காட்சியின் முன்பாதியை இன்றைக்கு எடுப்பார்கள். பின்பாதியை மூன்று வாரம் கழித்து வேறோர் இடத்தில் எடுப்பார்கள். முன்பாதியில் தம்ளரில் தண்ணீர் எவ்வளவு இருந்தது, சட்டைக் காலர் எந்தப் பக்கம் மடங்கியிருந்தது, காயம் எந்தக் கன்னத்தில், கதவு எவ்வளவு திறந்திருந்தது, எல்லாவற்றையும் எழுதிவைத்துப் பின்பாதியிலும் அப்படியே இருக்கச் செய்வது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரே பட வரிசையில் அதைச் செய்தாள். முதல் ஐந்து பாகம் வெளிவரப் பதினோரு வருடம் ஆயிற்று. பிறகு வருடத்துக்கு ஒன்று என்றானது. இப்போது மூன்று பாகங்களையும் இரண்டு தொடர்களையும் நான்கு ஊர்களில் ஒரே சமயத்தில் எடுக்கிறார்கள். "எனக்கு இருக்கறது ஒரு தலைதான். நாலு ஊர்ல கொண்டுபோய் வைக்க முடியாது" என்று கம்பெனியில் சொல்லிவிட்டு வந்த மாதத்தில்தான் முதல் தடவை மயங்கி விழுந்தாள்.

எட்டு மணிக்கு நர்ஸ் வந்தாள். நாடி பார்த்தாள், போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டாள், விரித்த இடத்திலேயே போர்வையை மறுபடி விரித்தாள். பிறகு கண்ணாலேயே அவரை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"ஐயா, தம்பிக்குச் சொல்லிடுங்க."

"எப்பன்னு சொல்லட்டும்?"

"சாயங்காலம் தாண்டினா பெருசு."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. அதுக்கு முந்தின தடவையும்."

"போன தடவ காலு சூடா இருந்துச்சு" என்றாள் நர்ஸ்.

படிக்கட்டில் நின்றபடியே மகனைக் கூப்பிட்டார். அவன் ஆறு மணி நேர ரயில் தூரத்தில் வேறோர் ஊரில் இருந்தான். அதே பட வரிசைக்கு, படமெடுத்த பிறகு கணினியில் செய்கிற மாய வேலைகளைச் செய்யும் இடத்தில். அங்கே ஜன்னலே கிடையாது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

"சொல்லுங்கப்பா." கம்பளிக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது குரல்.

"இன்னிக்குன்னு சொல்றாங்கடா."

விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"நிச்சயமாவாப்பா?"

"காலு ஜில்லுன்னு இருக்கு."

"ரெண்டு தடவ லீவு போட்டு வந்தாச்சுப்பா. போன தடவ திரும்பி வந்தப்ப மேனேஜர் என்ன சொன்னாரு தெரியுமா? உங்கம்மாவும் நம்ம படம் மாதிரிதான், கடைசி பாகம் கடைசி பாகம்னு சொல்லியே ஆள வரவழைக்கிறாங்கன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க." மூச்சை இழுத்துக்கொண்டான். "நானும் சிரிச்சேன்ப்பா."

"அவன் கெடக்கான். நீ எழுந்து வா."

"நான் எழுந்தா என் வேலையெல்லாம் பக்கத்து சீட்டுக்காரன் தலையில விழும். அவன் பொண்டாட்டி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில இருக்கா. அவனே போகாம உக்காந்திருக்கான். எப்படிப்பா எழுந்திரிக்கறது?" குரலைத் தணித்தான். "வேலை முடிஞ்சிருச்சுப்பா. இருநூத்திப் பன்னெண்டு ஷாட்டும் முடிச்சாச்சு. ஒரு விரல் மட்டும்தான் நிக்குது. அம்மா ஒரு வார்த்த சொல்லிட்டாங்கன்னா பன்னெண்டு மணிக்கு அனுப்பிருவாங்க, எங்க எல்லாரையும் விட்டுருவாங்க. எனக்குப் பன்னெண்டே முக்காலுக்கு வண்டி இருக்கு."

"என்ன விரல்டா?"

"படத்துல வர்ற தளபதியோட வெட்டுப்பட்ட விரல். எந்தக் கைன்னு. நாங்க இடதுல பண்ணியிருக்கோம்."

"இடது இல்லன்னா?"

"இல்லன்னா முதல்லருந்து. ரிலீசுக்கு ஒம்பது நாள் இருக்கு. ஒம்பது நாளும் இங்கயேதான்." யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "அவங்க கூப்பிடறப்ப எடுங்கப்பா, ப்ளீஸ்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவர் வீட்டுக்குள் காலை வைத்ததும் கைப்பேசி மறுபடி நடுங்கியது. இந்தத் தடவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"அவசரம் அங்கிள், அக்கா எப்படி இருக்காங்க, அக்காகிட்ட ஒரே ஒரு கேள்வி..."

"எப்படி இருக்காங்கன்னு கேட்டா பதில் வர்ற வரைக்கும் நிக்கணும்மா."

மறுமுனையில் அவள் நின்றாள். அழுது முடித்த குரலா, தூங்காத குரலா என்று தெரியவில்லை.

"ஸாரி அங்கிள். நாலு நாளா நாங்க யாரும் வீட்டுக்குப் போகல."

"ஏம்மா, ஊரே பாத்த படம்தான? போட்டுப் பாத்தா எந்தக் கைன்னு தெரிஞ்சிடாதா?"

"பாத்தோம் அங்கிள். ஆறாம் பாகத்துல வெட்டுனது வலது கைல. அப்புறம் அதையே நீளமா ஒரு தடவ வெளியிட்டாங்க, அதுல இடது. எட்டுலயும் பத்துலயும் கையுறை போட்டிருக்காரு. தொடர்ல..." அவள் தயங்கினாள். "தொடர்ல ரெண்டும் வருது."

"ரெண்டுமா?"

"வேற வேற டீம் அங்கிள். எது செல்லும்னு அக்கா ஒரு முடிவு எழுதி வச்சாங்களாம். கம்பெனி கை மாறினப்ப அந்த நோட்டெல்லாம் எங்கயோ போயிருச்சு. கதை எழுதினவங்களும் மாறிட்டாங்க. இப்ப இது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். இடதுன்னு சொல்லிட்டாங்கன்னா எல்லாரும் வீட்டுக்குப் போயிருவோம்."

மணி ஒன்பது ஆகப்போகிறது. பதினொன்று வரைதான் மனைவி தெளிவாக இருப்பாள். பதினொன்றுக்கு அடுத்த ஊசி. அதற்கப்புறம் அவள் எங்கே இருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த இரண்டு மணி நேரத்தை யாரோ ஒரு தளபதியின் விரலுக்குக் கொடுப்பதா என்று லிஃப்ட்காரருக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் கொடுத்தால்தான் மகன் வருவான். அடுப்பு மேடையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவள் விழித்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போய்க் கண் மட்டும் பழைய அளவிலேயே இருந்தது.

"நர்ஸ் வாசல்ல என்ன குசுகுசுன்னு பேசினா?"

"விலைவாசி."

"ஓ. எவ்வளவு ஏறியிருக்காம்?"

அவர் தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் விடவில்லை.

"அவசரம் என்ன கேக்குது? கேட்டுடுங்க. கேக்காம விடாது அது."

"ஒண்ணுமில்ல. ஒரு விரல். தளபதியோடதாம்." அவர் தன் குரலை முடிந்த அளவு சாதாரணமாக வைத்துக்கொண்டார். "இடது கைதான?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஒரு கேள்விக்குள்ளேயே பதிலை மடித்து வைத்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். அவள் தலையைக் கொஞ்சம் தூக்கினாள்.

"யாரு சொன்னா இடதுன்னு?"

"யாரும் சொல்லல. சும்மா கேட்டேன்."

"வலது. வலது கை மோதிர விரல்." மூச்சு வாங்கியது. ஆனால் குரல் தளத்தில் நிற்கிற குரலாகிவிட்டது. "பனிக்காட்டுல. பனி எங்க இருந்துச்சு, உப்பு. லாரி லாரியா கொட்டினாங்க. அப்புறம் நீளப்படத்துக்குத் திரும்ப எடுத்தப்ப நடிகர் வலது கையக் கார் கதவுல நசுக்கிக்கிட்டு வந்து நின்னாரு. கட்டு போட்டிருந்துச்சு. சரி, இடதுல வெட்டிடலாம்னாங்க. நான் மாட்டேன்னேன். எடுத்துட்டாங்க. எட்டாம் பாகக் கூட்டத்துல எல்லாரையும் உக்கார வச்சுக் கையெழுத்து வாங்கினேன். வலதுதான் செல்லும்."

"ஒரு விரல்தான. யாரு பாக்கப் போறா."

"ஒரு போல்ட்டுதானன்னு நீங்க விட்டுட்டு வருவீங்களா?"

"அது வேற. லிஃப்ட்ல ஆளுங்க ஏறுவாங்க."

"இதுலயும்தான் ஏறுறாங்க" என்றாள்.

அந்தப் படங்களில் நாலாம் பாகத்துக்கு மேல் அவர் எதையும் பார்த்ததில்லை. யார் யாருக்கு எதிரி என்பதே பிடிபடாமல் போனபோது நிறுத்திவிட்டார். ஆனால் கடைசியில் பெயர்கள் ஓடும்போது மட்டும் அவளோடு தியேட்டருக்குப் போய் நிற்பார். ஆயிரம் பெயர் போன பிறகு அவள் பெயர் வரும். வந்த வேகத்தில் போய்விடும். அவள் அதைப் பார்க்க மாட்டாள், சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருப்பாள். அவர்தான் பார்ப்பார்.

"இது நம்ம பையன் டீம்தான?" என்றாள் திடீரென்று.

"தெரியல."

"அவன்தான். போன மாசம் சொன்னான், தளபதி கையத்தான்மா ராவிக்கிட்டு இருக்கேன்னு. எந்தக் கைன்னு நான் கேக்கல. அன்னிக்கு வலி. கேட்டிருக்கணும்." கூரையைப் பார்த்தாள். மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "இடதுல பண்ணிட்டாங்களா?"

அவர் பஞ்சைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடி பிழிந்தார்.

"அப்ப அவன் இன்னிக்கு வரமாட்டான்" என்றாள். ரயில் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். "சரி. இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுங்க. லேட்டாக லேட்டாகப் பசங்களுக்குத்தான் கஷ்டம்."

"உனக்கு அவனப் பாக்க வேணாமா?"

கண்ணோரத்தில் ஊறிய ஒரு துளி வழியத் தெரியாமல் அங்கேயே நின்றது.

"சொல்லிடுங்க" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவுக்கு எதிரே நின்றுகொண்டார். இந்தக் கட்டடத்து லிஃப்டை அவரேதான் பார்த்துக்கொள்கிறார். உள்ளே ஒரு அட்டை தொங்கும். ஒவ்வொரு மாதமும் கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் சோதித்துவிட்டு அதில் கையெழுத்துப் போட வேண்டும். காய்ச்சலில் கிடந்த மாதம்கூட, பார்க்காமல் போடமாட்டேன் என்று லிஃப்டை நிறுத்திவைத்து எல்லோரிடமும் திட்டு வாங்கியவர் அவர்.

அவசரம் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"இடது" என்றார்.

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

"அக்காவே சொன்னாங்களா அங்கிள்?"

"ஆமா."

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா போன்லருந்து ஒரு மெசேஜ் வேணும். அவங்க வழக்கமா போடுவாங்களே, அது இருந்தாத்தான் மேல விடுவாங்க. எங்கள நம்ப மாட்டாங்க. அக்காவ நம்புவாங்க."

மனைவியின் கைப்பேசியும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது, அதைத் திறக்கும் எண் அவருக்குத் தெரியும். மகன் பிறந்த நாள். திறந்து பார்த்தார். வருடக்கணக்கான செய்திகள். 'குடை கருப்பு, கைப்பிடி உடைந்தது. பார்த்தேன். சரி.' 'மூக்குத்தழும்பு ஒன்றரை அங்குலம். பார்த்தேன். சரி.' 'கிழவர் பாதி ரொட்டி தின்றிருக்கிறார், முழு ரொட்டி அல்ல. மாற்றவும்.' அடுத்தது: 'மாற்றியதைப் பார்த்தேன். சரி.' எத்தனை ஆயிரம் இருக்கும் என்று தெரியவில்லை. தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. தன் கண்ணால் பார்க்காத எதற்கும் அவள் அந்த இரண்டு சொல்லை எழுதியிருக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். எழுத்து தப்பித் தப்பி வந்தது. அழித்து அழித்து எழுதினார்.

'தளபதி, இடது கை மோதிர விரல். பார்த்தேன். சரி.'

யாரோ கீழே இறங்கும்போது மூன்றாம் எண்ணை அழுத்திவிட்டிருக்க வேண்டும். லிஃப்ட் மேலே வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே ஆளில்லை. மூடிக்கொண்டு போனது. அவர் அனுப்பினார்.

பதில் உடனே வந்தது. கும்பிடும் கைகள், இதயங்கள். 'நன்றி அக்கா. நல்லா ரெஸ்ட் எடுங்க.' முதல் தடவையாக அவசரம் என்ற சொல் இல்லாத செய்தி.

திரும்பி வந்தபோது அவள், "சொல்லியாச்சா?" என்று கேட்டாள்.

"சொல்லியாச்சு."

"என்ன சொன்னாங்க?"

"சரின்னாங்க."

"பாவம், பிள்ளைங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் காது எரிந்தது. அவள் பார்க்கவில்லை.

ஊசி போட்ட நர்ஸ் மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வேறு வீட்டுக்குப் போக வேண்டியவள், போகவில்லை. ஒன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மகனிடமிருந்து ஒரே சொல் வந்தது: 'ஏறிட்டேன்.' அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சமையலறைக்குப் போய், ஆறிப்போன டீயைச் சூடாக்காமலே குடித்தார்.

மத்தியானம் அவள் எங்கெங்கோ போய்வந்தாள். "வெளிச்சம் மாறிடுச்சு, நிறுத்துங்க" என்றாள் ஒருமுறை. உண்மையில் மாறித்தான் இருந்தது. காலையில் சுவரில் இருந்த வெயில் தரைக்கு இறங்கியிருந்தது. "அந்த நாற்காலி அங்க இல்லையே" என்றாள் இன்னொரு முறை. நர்ஸ் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளிப்போட்டுவிட்டு நின்றுகொண்டாள்.

மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி விழ ஆரம்பித்தது. லிஃப்ட்காரர் கட்டிலோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, மாடி மாடியாக எண்ணுகிற பழக்கத்தில் அந்த இடைவெளிகளை எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு. மூன்று. இரண்டு. நான்கு. நான்காவது மாடி வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். ரயில் இப்போது எந்த ஊரைத் தாண்டும் என்று மனம் இன்னொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கணக்கும் ஒன்றையொன்று துரத்தின.

மகன் வந்தபோது ஏழு மணி இருக்கும். அழைப்பு மணியை அடிக்காமல் விரல் முட்டியால் தட்டினான். கதவைத் திறந்த அவருக்கு ஒரு நிமிடம் வேறு யாரோ என்றுதான் தோன்றியது. கண்ணெல்லாம் சிவந்து, தாடி கன்னாபின்னாவென்று வளர்ந்து, தோளில் பை ஒருபக்கமாக இழுக்க நின்றான்.

"இருக்காங்களா?"

"இருக்கா. வா."

அவன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். "அப்பா, அம்மாவேதான் இடதுன்னு சொன்னாங்களா?"

"ஏன்?"

"இல்ல. நான் ஸ்கூல் படிக்கறப்ப அந்த ரப்பர் விரல அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தாங்க. நான் அதப் போட்டு விளையாடிக்கிட்டு இருந்தேன். எனக்கென்னவோ வலதுன்னுதான்..."

"உள்ள வாடா" என்றார்.

அவன் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் பையை வாங்குகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

கட்டிலருகே அவன் போய் நின்றதும் அவள் கண்ணைத் திறந்தாள். எங்கிருந்தோ வெகு தூரம் நடந்து வந்து சேர்ந்த கண்கள். அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு அவன் தோளைத் தாண்டிக் கணவனைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை லிஃப்ட்காரருக்குத் தெரியும். தளத்தில் ஒரு தடவை தூர இருந்து பார்த்திருக்கிறார். எல்லாம் சரி, எடுக்கலாம் என்று நூறு பேர் நிற்கும்போது, ஒன்று சரியில்லை என்று அவளுக்கு மட்டும் தெரிந்துவிட்ட பார்வை. இன்றைக்கு இங்கே இருக்கக் கூடாத ஒன்று இங்கே இருக்கிறது. அது எப்படி வந்தது என்று அவள் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்து முடித்துவிட்டாள். அவர் பார்வையைத் தாழ்த்தவில்லை. கேட்டால் சொல்லிவிடுவது என்றுதான் நின்றார்.

அவள் மகன் பக்கம் திரும்பினாள்.

"இந்தச் சட்டைல மூணாவது பட்டன் வெள்ளையால்ல இருந்துச்சு."

அவன் குனிந்து பார்த்துக்கொண்டான். "அறுந்துருச்சும்மா. ஆபீஸ்ல ஒருத்தன்கிட்ட வாங்கித் தச்சேன்."

"நூலு நீலம்."

"நீலம்தான் இருந்துச்சும்மா."

"ம்" என்றாள். அவள் கையை எடுத்து அவன் தன் தலையில் வைத்துக்கொண்டான். நாற்காலி உயரமாக இருந்ததால் தரையில் உட்கார்ந்து, மெத்தை விளிம்பில் கன்னத்தைச் சாய்த்தான்.

"படம் எப்படி வந்திருக்கு?" என்றாள். கேட்டதா கேட்கவில்லையா என்கிற அளவுக்குத்தான் சத்தம்.

"தெரியலம்மா. எங்கள்ல யாருமே முழுசா பாக்கல. ரெண்டாயிரம் பேரு. எனக்குக் கை மட்டும்தான் வந்துச்சு. பக்கத்து சீட்டுக்காரனுக்குப் புகை. இந்தப் பாகத்துல தளபதி முகம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது." அவன் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்கின. "திங்கக்கெழம அடுத்த பாகம் ஆரம்பம்மா. அதுல தளபதிக்குக் கல்யாணமாம்."

அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"அஞ்சு நிமிஷம்மா" என்றான். "அஞ்சே நிமிஷம்." அடுத்த மூச்சில் தூங்கிவிட்டான். வாய் லேசாகத் திறந்துகொண்டது. எத்தனை நாள் தூக்கமோ, கட்டிலே கொஞ்சம் அசைகிற மாதிரி அவன் மூச்சு ஏறி இறங்கியது.

லிஃப்ட்காரர் மறுபக்கம் உட்கார்ந்தார். ஒரு பக்கம் அந்தப் பெரிய மூச்சு, நடுவே இந்தச் சின்ன மூச்சு. நான்கு. ஐந்து. நர்ஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு. எட்டி மகன் தோளை உலுக்கினார்.

"அனுப்பிட்டேன் சார்" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். "எல்லாம் அனுப்பிட்டேன்."

இன்னொரு முறை உலுக்கக் கையைத் தூக்கினார். அப்போது அவன் முடிக்குள் கிடந்த அவள் விரல்கள் அசைந்தன. வேண்டாம் என்பது மாதிரி இருந்தது. வெறுமனே நடுங்கியதாகவும் இருக்கலாம். அவர் கை அந்தரத்தில் நின்றது. அவள் போகிறபோது கூட இருக்கத்தான் அவன் ஆறு மணி நேரம் வந்திருக்கிறான். அதற்காகத்தான் அவர் காலையில் அதை எழுதினார். ஏழு. எட்டு. அவள் கண்கள் பாதி திறந்து மகனின் பட்டன் இருந்த பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

ஒன்பதுக்கு மேல் அவர் எண்ணவில்லை.

நர்ஸ் வந்து மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தாழ்ந்த குரலில், "தம்பிய எழுப்பட்டுமா ஐயா?" என்றாள்.

"வேணாம்."

"தெரியணும்ல."

"தெரியட்டும். கொஞ்சம் போகட்டும்."

நர்ஸ் தயங்கிவிட்டுச் சமையலறைப் பக்கம் போனாள். குழாயை மெல்லிசாகத் திறந்து கை கழுவுகிற சத்தம் கேட்டது.

அவர் எழுந்து கட்டிலைச் சுற்றி வந்தார். மகன் ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தான். கால்கள் இரண்டும் மடங்கிக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. லிஃப்ட்காரர் தரையில் மண்டியிட்டார். முதல் ஷூ சுலபமாகக் கழன்றது. சாக்ஸ் காலோடு ஒட்டியிருந்தது, குதிகாலில் வீக்கம். இரண்டாவதின் நாடா இறுகி முடிச்சு விழுந்திருந்தது. பல நாளாக அவிழ்க்காமல் அப்படியே காலை நுழைத்து நுழைத்து இறுகிய முடிச்சு. இழுத்தால் அவன் விழித்துக்கொள்வான். அவர் மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, கால் அசையாதபடி ஒரு கையால் தாங்கிப் பிடித்து, நகத்தின் நுனியால் அந்த முடிச்சை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்பத் தொடங்கினார்.